ஏட்டுக் குதிரை

ரொட்டி அடுப்பு நாற்பது. எரிவது இருபத்தேழு.
மீதிக்குச் செங்கல் இல்லை.
ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சாராய ஆலை;
அதை இடித்துச் செங்கல் கொண்டுவரப்படும் என்று
மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன்.
யார் இடிப்பது என்று எழுதவில்லை.

மாவு மூட்டை ஆயிரத்து இருநூறு.
நனைந்தது எத்தனை என்று கேட்டால்
ரொட்டிக்கார யோப்ஸ்ட்
மூட்டைக்குள் முழங்கை வரை கைவிட்டு
முகம் சுளிப்பான்.
அந்தச் சுளிப்புக்குப் பேரேட்டில் பத்தி கிடையாது.

சிப்பாய்க்குப் பத்தி உண்டு.
சிப்பாய்களின் பெண்களுக்கு,
நூறு பேருக்கு ஐவர் என்ற கணக்கில்,
அரைப் பத்தி.
குதிரைக்குத் தனிப் புத்தகமே உண்டு:
நிறம், வயது, குளம்பில் சுட்ட எண்.
வண்டிக்காரன் அதன் ஓரத்தில் வருவான்,
நான்கு குதிரைக்கு ஓர் ஆள் என்று,
சேணம், வார், கண்பட்டைக்கு அடுத்து.

உர்பான் கோசாவின் நான்கும்
சிலேசியச் சேற்றில் எட்டே நாளில் விழுந்தன.
ஒவ்வொரு முறையும் ஒரு குளம்பை வெட்டிக் கொண்டுவந்து
என் மேசைமேல் வைத்தான்.
செத்ததற்கு அதுதான் சாட்சி;
இல்லாவிட்டால் விற்றுவிட்டான் என்றாகும்.
நான்காவதுக்கும் கோடு கிழித்துவிட்டுக் கூட்டினேன்.
பூஜ்யம் குதிரைக்குப் பூஜ்யம் ஆள்.
மேசைக்கு அந்தப்புறம் பூஜ்யம்
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது.
அவன் ஊர் பதினோரு நாள் நடை.
வழியெல்லாம் எதிரியின் ஹுஸார்கள்.

எனக்கு இரக்கமெல்லாம் அதிகம் கிடையாது.
பேனாவில் மை மிச்சமிருந்தது, அவ்வளவுதான்.
எழுதினேன்:
பெட்டை. செவலை. வயது ஒன்பது.
இடக் கண்ணில் பூ.
எண் 418.

நாளுக்குப் பத்து ராத்தல் ஓட்ஸ்.
ஒருத்தன் எவ்வளவு கஞ்சி குடிப்பான்?
மூன்றாம் நாள் சலவைக்காரி அப்போலோனியா
சட்டியோடு வந்தாள். நூற்றில் ஆறாவது பெண் அவள்.
பிறகு சாம்பல் அள்ளும் பையன்கள் இருவர்.
பிறகு, சொல்ல வெட்கம், நான்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்.
ஏட்டுக் குதிரை ஐந்து வயிற்றுக்கு ஊற்றியது.

செவ்வாயன்று தணிக்கை மேஜர் வந்தார்.
விரல் நீட்டி நீட்டிக் குதிரைகளை எண்ணினார்.
“நானூற்றுப் பதினெட்டு?”
“நேற்றிரவு செத்தது.”
“குளம்பு?”

கூடாரத்துணி படபடத்தது.
அப்போலோனியா கொப்பரைக்குள் அகப்பையை விட்டுத் துழாவி
எதையோ எடுத்துவந்து
பேரேட்டின் மேலேயே வைத்தாள். ஆவி பறந்தது.
குளம்புதான். எந்தக் குதிரையுடையதோ.
வெந்து வெளுத்து, எண் இருந்த இடம் கூழாகியிருந்தது.
“அரசாங்கச் சொத்தை ஏன் வேகவைத்தாய்?”
“பசிக்கு எண் படிக்கத் தெரியாது, ஐயா.”

பன்னிரண்டு குரோஷன் அபராதம்.
எழுது என்றார்.
எந்தப் பத்தியில் என்று கேட்டேன்.
மேஜர் தாமே பக்கம் பக்கமாகப் புரட்டினார்;
அவளை எங்கும் காணவில்லை.
கடைசியில் ஒரு வெற்றுத் தாளில் அவள் பெயரை எழுதச் சொன்னார்,
கடன் தீரும்வரை முகாமை விட்டுப் போகக் கூடாது,
அதுவரை அரை ரொட்டி என்று.
அவள் இன்றுவரை ஒரு காசும் கட்டவில்லை.

அன்றிரவு உர்பான் வந்தான்.
“அதற்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள்?”
பெயருக்குப் பத்தி இல்லை என்றேன்.
ஒரு கண் தெரியாததை
வலப்பக்கம்தான் பூட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

காலையில் பாலத்தின் மேல் செங்கல் வண்டி.
நுகத்தடிக்குள் உர்பான்,
மார்பில் குறுக்காக வார்,
மூக்கிலிருந்து புகையாக மூச்சு.
இரண்டு புத்தகங்களையும் திறந்து வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
மை காய்கிறது.